16 மணி நேரக் கதைக்கு ஏன் இவ்வளவு பயம்?

கொரியன் சீரியல் பார்க்கும் பெண் கெட்டுப்போவாள் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் இப்போது கேள்வி கேட்பதில்லை. தர்மபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி சந்தையில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அறிவுரையாகவும் சொல்கிறார்கள். படித்தவர்கள் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்: மேலோட்டமான ரசனை, இறக்குமதி மோகம், கம்பெனிகள் விற்கும் கனவு. இந்தக் கருத்து தவறு. அதற்கு விலை கொடுப்பவர்கள் எங்கள் மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் என்பதால், காதில் வாங்காமல் போகவும் முடியவில்லை.

அவர்கள் தரப்பை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர்கள் உலகத்தில் இல்லாத ஆணைக் காட்டுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய பெண்ணுக்கு உள்ளூர் மாப்பிள்ளையும் உள்ளூர் வாழ்க்கையும் கசந்துபோகின்றன. நம் பண்பாடு, நம் முகம், நம் நிறம் எல்லாம் அவளுக்குக் குறைவாகத் தெரிகின்றன. நடிகர்களோ பூச்சுப் பூசிய பொம்மைகள். பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, படிப்பும் வேலையும் போகின்றன. சின்ன வயதுப் பிள்ளைகள் வீட்டைவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். கடைசியாக, இவர்கள் கொண்டாடும் கொரியா உண்மையில் சொர்க்கம் இல்லை. மனிதர்களைப் பிழிந்தெடுக்கும் நாடு அது.

ஆறு குற்றச்சாட்டுகள். ஆறுக்கும் பின்னால் இருப்பது பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அக்கறையோடு சொன்னதாலேயே ஒரு வாதம் சரியாகிவிடாது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. “இல்லாத ஆணைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்”

எந்த ஆண் இல்லாத ஆண்? ஏழைப் பெண்ணைத் தேடி வரும் கோடீஸ்வர வாரிசு என்றால், ஆமாம், அவன் கற்பனைதான். 2009-ல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ நாயகன் அப்படிப்பட்டவன். போதாக்குறைக்குப் பள்ளியில் அடாவடி செய்பவன். அந்தக் காலத்துத் தொடர்களில் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போவதைக் காதல் என்று காட்டினார்கள். அதைக் கண்டித்துப் பேசியதும் பெண் பார்வையாளர்கள்தான். அந்தக் காட்சி இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் கேள்வி கேட்டார்கள், எழுதுகிறவர்கள் மாற்றிக்கொண்டார்கள். மயங்கிக் கிடப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் வீடுகளில் பேசப்படும் ஆண் வேறு ஒருவன். 2025 மார்ச்சில் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேஜு தீவில் கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுத்துப் பிழைக்கும் ஹேன்யோ பெண் ஒருத்தி. அவள் மகள் ஏ-சுன், கவிஞராக வேண்டும் என்று ஆசைப்படுபவள். அவளைக் கட்டிக்கொள்ளும் குவான்-சிக் அதிகம் பேசத் தெரியாதவன், படகில் போய் உழைப்பவன். அவன் வீட்டில் ஆண்கள் சாப்பிட ஒரு மேசை, பெண்கள் சாப்பிட இன்னொரு மேசை. அவன் ஆண்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்த மேசைக்கு முதுகைக் காட்டி, உடம்பைத் திருப்பி, மனைவி சாப்பிடும் மேசையைப் பார்த்து உட்கார்ந்து அவளோடு சாப்பிட ஆரம்பிக்கிறான். சண்டை போடவில்லை, கட்டளை இடவில்லை. அந்த வீட்டின் சட்டம் அந்த ஒரு அசைவில் உடைந்துபோகிறது.

இந்த ஆணுக்குக் கோடிகள் தேவையா? சிவந்த நிறம் தேவையா? உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் போதும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் கடைசியாகச் சாப்பிட்டே வயதான பெண்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படி ஒருவன் வேண்டும் என்று நினைத்தால், அது நடக்காத ஆசை என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் ஆண்களால் திரும்பி உட்காரக்கூட முடியாது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். ஆண்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தாழ்ந்த அபிப்பிராயம் இல்லை.

எதிர்பார்ப்பைக் கெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் தமிழ் சினிமாவை ஏன் மறந்துவிடுகிறார்கள்? பேருந்து நிறுத்தம்வரை பின்தொடர்ந்து, வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் துரத்தி, கடைசியில் அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் காதல் என்று பல பத்தாண்டுகளாக எங்கள் பையன்களுக்குக் காட்டினோம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகுதான், பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் படங்கள் பற்றித் தமிழகம் கொஞ்சம் உரக்கப் பேசியது. அந்தப் பேச்சும் சீக்கிரமே அடங்கியது. பையன்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. துரத்தும் ஆணை விரும்பச் சொல்லிக்கொடுத்தபோது கெடாத பெண், கேட்டு நடக்கும் ஆணை விரும்பும்போது மட்டும் எப்படிக் கெட்டுப்போகிறாள்?

2. “நம் பண்பாடு அழிகிறது”

வெளியூர்க் கதை என்றால் எல்லாமே அழிக்கத்தானே வேண்டும்? புரூஸ் லீயும் ஜாக்கி சானும் எங்கள் ஊர்க் கொட்டகைகளில் ஓடினார்கள். பையன்கள் கராத்தே வகுப்பில் சேர்ந்தார்கள், முடியை வளர்த்தார்கள். பண்பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ‘மண்வாசனை’, ‘சிந்து பைரவி’, ‘உள்ளம் கொள்ளை போகுதடா’, ‘என் கணவன் என் தோழன்’ என்று இந்தித் தொடர்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்தன. தாய்மார்களும் பாட்டிமார்களும் வரிசையாகப் பார்த்தார்கள். அப்போதும் பண்பாட்டுக்கு ஆபத்து வரவில்லை. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்துத் தந்தபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். கைப்பேசி வந்து, தனக்குப் பிடித்ததைத் தானே தேடிப் பார்க்கும் உரிமை பெண்ணிடம் வந்த பிறகுதான் சத்தம் பெரிதானது. சத்தத்துக்குக் காரணம் எது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

இன்னொன்றையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் கொரியப் படமான ‘பாரசைட்’ ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட நான்கு விருதுகளை வென்றது. அது 1999-ல் வந்த விஜய்யின் ‘மின்சாரக் கண்ணா’ கதை என்று தமிழகத்தில் உரிமை கொண்டாடினோம். தயாரிப்பாளர் வழக்குப் போடப்போவதாகவும் அறிவித்தார். கொரியாவுக்கும் தமிழுக்கும் ஆயிரமாண்டு உறவு உண்டு என்று பேசும் மேடைகள் இன்றும் உண்டு. பெருமை கொள்ள வேண்டிய இடத்தில் கொரியா சொந்தம். வீட்டுப் பெண் விரும்பிப் பார்க்கும் இடத்தில் மட்டும் அன்னியம். ஒரே நாட்டுக்கு இரண்டு தராசு.

பண்பாடு என்று பேசும்போது தர்மபுரி மாவட்டம் ஒரு தேதியை மறக்கக்கூடாது. 2012 நவம்பர் 7. சாதி தாண்டிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்ட நாள். எங்கள் மாவட்டத்தில் காதலின் பேரால் நடந்த மிகப்பெரிய அழிவு அது. அதைச் செய்ய எந்தக் கொரியத் தொடரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதலித்தவர்கள் எதையும் எரிக்கவில்லை. எரித்தவர்கள் பண்பாட்டைக் காப்பதாக நினைத்துக்கொண்டவர்கள். பெண் யாரை விரும்ப வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்யும் வழக்கத்தைப் பண்பாடு என்று அழைப்பதானால், அது அழியட்டும் என்றே சொல்வேன்.

3. “பொம்மைகள், நடிக்கத் தெரியாதவர்கள்”

இதைச் சொல்கிறவர்கள் யாரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு சுவரொட்டியை, ஒரு சோப்பு விளம்பரத்தை, மகளின் கைப்பேசி முகப்பில் இருக்கும் ஒரு படத்தை. நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

யோம் ஹே-ரான் என்ற நடிகையைச் சொல்கிறேன். ‘தி குளோரி’ தொடரில் கணவனிடம் அடிவாங்கியே வாழும் வீட்டுவேலைக்காரி அவர். அழுது வடியும் பாத்திரமாக எளிதில் முடிந்திருக்கக்கூடியது. அவரோ அதற்குள் ஒரு குறும்பை வைத்தார். தன்னை யாரோ முதல்முறையாக மனுஷியாக மதிக்கும்போது முகத்தில் வரும் கூச்சத்தை வைத்தார். அவரே ‘டேஞ்சரின்ஸ்’ தொடரில் ஏ-சுனின் தாய். சில எபிசோடுகள்தான் வருகிறார். தான் நீண்டநாள் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு தாய், மகளுக்கு வாய்த்துடுக்கையும் தைரியத்தையும் சொத்தாக விட்டுப்போகும் அவசரம் அந்தக் கண்களில் தெரியும். இந்த முகத்தில் எந்தப் பூச்சைக் கண்டீர்கள்?

கிம் ஹே-ஜா 1941-ல் பிறந்தவர். 2019-ல் ‘தி லைட் இன் யுவர் ஐஸ்’ தொடரில் மறதிநோய்க்காரியாக நடித்ததற்கு, அந்நாட்டின் பெரிய விருதான பேக்சாங்கின் தலைமைப் பரிசைத் தன் 77 வயதில் வாங்கினார். பேரழகிகளும் இளைஞர்களும் போட்டியிட்ட ஆண்டில் ஒரு பாட்டிதான் ஜெயித்தார். 2021-ல் ‘மினாரி’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய யூன் யோ-ஜங்குக்கு அப்போது வயது 73. தொலைக்காட்சியிலேயே வளர்ந்த நடிகை. இவர்கள் இருவரையும் சேர்த்து, வயதான பெண்களின் நட்பையும் கோபத்தையும் ஆசையையும் மையமாக வைத்து 2016-ல் ‘டியர் மை ஃபிரெண்ட்ஸ்’ என்று ஒரு தொடர் எடுத்தார்கள். தமிழில் எழுபது வயதுப் பெண்ணை நடுவில் வைத்து ஒரு தொடர் எடுத்துக் காட்டுங்கள், பிறகு பொம்மைகளைப் பற்றிப் பேசுவோம்.

ஆண்களுக்கு ஆண்மை இல்லை என்பது அடுத்த பேச்சு. முகத்துக்குக் கிரீம் போடுகிறார்கள், அழுகிறார்கள், அதனால் ஆண் இல்லையாம். ‘ஸ்குவிட் கேம்’ நடிகர் லீ ஜங்-ஜே 2022-ல் எம்மி விருதை வாங்கினார். நாடகத் தொடரின் முதன்மை நடிகருக்கான அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். அந்தத் தொடரில் அவர் பயப்படுகிறார், பொய் சொல்கிறார், விசும்பி அழுகிறார். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரில் மென்மையான ராணுவ அதிகாரியாக வரும் ஹியூன் பின், நிஜ வாழ்க்கையில் 2011-ல் கட்டாய ராணுவச் சேவைக்காக மரைன் படைப்பிரிவில் சேர்ந்தவர். அழத் தெரிந்த ஆணையும் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆணையும் வேறுவேறு ஆளாகப் பார்ப்பது நம் பழக்கத்தின் கோளாறு. நடிகர் மேல் பழி போட வேண்டாம்.

நிறத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் மட்டும் உண்மை இருக்கிறது. வெளுப்பே அழகு என்ற நோய் கொரியத் திரையில் உண்டு. வெளிநாட்டவரைக் காட்டுவதில் அலட்சியமும் உண்டு. 2023-ல் ‘கிங் தி லேண்ட்’ தொடரில் ஓர் அரபு இளவரசனைக் காட்டிய விதத்துக்குக் கண்டனம் வந்து, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்கவைத்தது ரசிகர்கள்தான். ஆனால் கறுத்த பெண்களின் ஊரில், கறுத்த கதாநாயகியைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டிய நிலையில் சினிமா எடுக்கும் நமக்கு, இந்த நோயைக் கொரியாவிலிருந்து வந்ததாகச் சொல்ல வழியே இல்லை. கொரியத் தொடர்கள் வருவதற்கு முன்பே அது நம் கல்யாணத் தரகர்களின் நாக்கில் இருந்தது.

4. “நேரத்தைத் தின்கிறது, அடிமையாக்குகிறது”

கணக்குப் போடுவோம். ஒரு கொரியத் தொடர் பொதுவாக 16 எபிசோடுகள். ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். 16 மணி நேரத்தில் கதை தொடங்கி, வளர்ந்து, முடிந்துவிடும். முடிவு என்ற ஒன்று உண்டு என்பதே இதில் முதல் நல்ல செய்தி.

நம் ‘கோலங்கள்’ 2003-லிருந்து 2009 வரை ஓடியது, 1,500 எபிசோடுகளுக்கு மேல். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரம். அதைக் குறைத்துப் பேசவில்லை. தனியாக நின்று தொழில் நடத்தும் பெண்ணை வீட்டுக்கு வீடு கொண்டுபோன தொடர் அது. ஆனால் 500 மணி நேரம் குடும்பப் பொழுதுபோக்கு, 16 மணி நேரம் மட்டும் போதைப் பழக்கம் என்றால், எந்த வாய்ப்பாட்டில் போட்ட கணக்கு அது?

ஆண்கள் பக்கமும் போவோம். ஐபிஎல் ஒரு பருவத்துக்கு 74 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேரம் என்றால் 259 மணி நேரம், இரண்டே மாதத்தில். பதினாறு கொரியத் தொடர்களின் நேரம் அது. அந்த இரண்டு மாதமும் டீக்கடையில், வீட்டுக் கூடத்தில், வேலை செய்யும் இடத்தில் ஆட்டம் ஓடுகிறது. எந்தத் தகப்பனையும் யாரும் கூப்பிட்டு, நேரம் வீணாகிறது, கைப்பேசியைக் கொடு என்று கேட்பதில்லை. ஆண் பார்த்தால் ஓய்வு. பெண் பார்த்தால் விரயம்.

அவள் எப்போது பார்க்கிறாள் என்பதையும் கேளுங்கள். ஓசூர் கம்பெனி விடுதியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த பெண், தூக்கம் வருவதற்கு முன் அரை எபிசோடு பார்க்கிறாள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி முடித்த பெண், திண்ணையில் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்கிறாள். இன்னொரு காது உள்ளே தூங்கும் பிள்ளைக்கு. ஒரு நாளில் அவளுக்கென்று இருக்கும் முக்கால் மணி நேரம் அது. அதையும் கணக்குக் கேட்கிறவர்கள், மிச்ச நேரமெல்லாம் யாருக்குப் போனது என்று முதலில் கணக்குக் கொடுக்கட்டும்.

5. “கரூர்ப் பிள்ளைகளைப் பார்த்தீர்களா?”

பார்த்தேன். எல்லோரும் நீட்டும் கடைசி ஆயுதம் இது என்பதால் நடந்ததைச் சரியாகச் சொல்வோம். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று சிறுமிகள், எட்டாம் வகுப்பு படிப்பவர்கள், வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். பிடிஎஸ் என்ற கொரியப் பாடகர் குழுவைப் பார்க்கக் கொரியா போக வேண்டும். விசாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறலாம் என்பது அவர்கள் திட்டம். கையில் சேர்த்துவைத்த 14,000 ரூபாய். சென்னைவரை போனார்கள், பயந்து திரும்பினார்கள், காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பியது பெரும் நிம்மதி. வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கும் பதறுகிறது.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? கோடம்பாக்கத்தைப் பார்க்க, நடிகரைப் பார்க்க, நடிகராகவே ஆக, வீட்டில் சொல்லாமல் ரயிலேறிய பையன்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பற்றி வெற்றிக்கதை எழுதினோம். சினிமாவை மூடு என்று யாரும் சொல்லவில்லை. பையன்களின் படிப்பை நிறுத்து என்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்ட பையன் துணிந்தவன், ஆசைப்பட்ட சிறுமி மட்டும் தறுதலையா?

அந்தச் சிறுமிகளுக்குத் தேவைப்பட்டது தகவல். பாஸ்போர்ட் என்றால் என்ன, விசா என்றால் என்ன, பெரியவளானதும் படித்து அங்கே போக என்ன வழி என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். சென்னையில் 2006 முதல் இந்திய-கொரியப் பண்பாட்டு நிலையமான இன்கோ சென்டர் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. அந்த வட்டாரத்தில் கொரிய மொழி தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆசையை வழியாக மாற்றிக் கொடுக்க இவ்வளவும் கண்முன் இருக்கிறது.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. கரூர்ச் செய்தியைக் காட்டிக் கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள். பிடுங்குவதோடு நின்றால் பரவாயில்லை. புள்ள மனசு அலைபாயுது, காலாகாலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடு என்பதில் போய் முடிகிறது. தர்மபுரி தமிழகத்தில் குழந்தைத் திருமணம் அதிகம் பேசப்படும் மாவட்டங்களில் ஒன்று. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன காலத்திலிருந்து, தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட காலத்திலிருந்து மேலேறி வந்த மாவட்டம் இது. இங்கே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். கொரியன் சீரியல் கெடுக்கிறது என்ற பேச்சு, பேசுகிறவர் நினைக்காவிட்டாலும், அந்தச் சாக்காகிறது. தொடரால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சால் வரும் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

6. “கொரியாவே சொர்க்கம் இல்லை”

ஆறில் இதுதான் கனமான வாதம். சொல்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 2023-ல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 0.72. பிள்ளை பெற்றுக்கொள்ளவே தயங்கும் அளவுக்கு வேலையும் போட்டியும் வீட்டு விலையும் அங்கே அழுத்துகின்றன. நடிகர்களின் வாழ்க்கையும் இனிப்பானது இல்லை. ‘மை மிஸ்டர்’ தொடரில் நம்மையெல்லாம் கலங்கவைத்த லீ சுன்-க்யுன், போலீஸ் விசாரணைக்கும் ஊர்வாய்க்கும் நடுவே சிக்கி 2023 டிசம்பரில் உயிரிழந்தார். இதையெல்லாம் மறைத்து மினுக்கிக் காட்டுவதுதான் இந்தத் தொடர்களின் வேலை என்கிறார்கள்.

மறைத்தது யார்? கொரியாவின் காயங்களைப் பற்றி ஒரு நல்லம்பள்ளிப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பதே இந்தத் தொடர்களால்தான். 2014-ல் வந்த ‘மிசேங்’ ஒப்பந்த ஊழியன் ஒருவனின் கதை. நிரந்தரமானவர்கள் நடுவே நிரந்தரமில்லாமல் உட்கார்ந்திருப்பவனின் அவமானம் அதில் அணுஅணுவாக இருக்கிறது. அந்த நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பற்றிய சர்ச்சையே அந்த நாயகனின் பெயரால் நடந்தது. ‘ஸ்குவிட் கேம்’ நாயகன் ஆட்குறைப்பில் வேலை போனவன். 2009-ல் சாங்யோங் மோட்டார் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தை மனதில் வைத்து இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் அந்தப் பின்னணியை எழுதினார். அதே தொடரில் சம்பளம் மறுக்கப்பட்ட பாகிஸ்தான் தொழிலாளியாக வருகிறவர் டெல்லிக்காரரான அனுபம் திரிபாதி. பள்ளிக்கூட வன்முறைக்கு ‘தி குளோரி’. கடன் சுமையோடு காது கேளாத பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியப் பெண்ணுக்கு ‘மை மிஸ்டர்’. தன் நாட்டின் அழுக்கை இவ்வளவு பேர் பார்க்கக் கழுவும் தொலைக்காட்சி எத்தனை நாடுகளில் இருக்கிறது?

ரசிகை என்றால் கம்பெனிக்கு அடிமை என்ற முடிவும் தவறு. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘மிசேங்’ பார்த்து அழுதவளுக்கு அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் நியாயம் எளிதாகப் புரியும். கொரிய முதலாளியை எதிர்க்கவும் கொரிய எழுத்தாளரை நேசிக்கவும் ஒரே மனதில் இடம் உண்டு.

எழுத்தாளர் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘டியர் மை ஃபிரெண்ட்ஸ்’ எழுதியவர் நோ ஹீ-கியங். ‘மை மிஸ்டர்’ எழுதியவர் பார்க் ஹே-யங். ‘தி குளோரி’ கிம் உன்-சுக். ‘கிராஷ் லேண்டிங்’ பார்க் ஜி-உன். நால்வரும் பெண்கள். தொடருக்கு முகம் நடிகர், முதுகெலும்பு எழுத்தாளர் என்பதை அந்தத் தொழில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் எழுதி, ஒரு பெண் மையமாக நடித்து, இங்கே ஒரு பெண் பார்க்கும் கதை அது. நடுவில் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஆறு குற்றச்சாட்டுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மற்றவை எல்லாம் கிளைகள்.

ஆறையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே செயலை ஆண் செய்தால் ஒரு பெயர், பெண் செய்தால் வேறு பெயர் என்பது ஒவ்வொன்றிலும் வந்துகொண்டே இருக்கிறது. ரசனை, ஓய்வு, ஆசை, துணிச்சல் எல்லாம் அவளிடம் போனதும் மோகம், விரயம், அலைபாய்தல், கெட்டழிதல் ஆகிவிடுகின்றன. இந்தத் தொடர்கள் எங்கள் பெண்களுக்குக் கொடுத்தது ஓர் அளவுகோல். என்னிடம் எப்படிப் பேச வேண்டும், நான் சாப்பிட்டேனா என்று யார் கேட்க வேண்டும், என் படிப்புக்காக ஒரு குடும்பம் எதை விற்கலாம் என்பதற்கான அளவுகோல். ‘டேஞ்சரின்ஸ்’ தொடரில் மகளின் படிப்புக்காக ஏ-சுனும் குவான்-சிக்கும் வீட்டையே விற்கிறார்கள். மகன் படிக்கக் காட்டை விற்கும் எங்கள் ஊரில், மகளுக்காக விற்றால் என்ன என்று ஒரு பெண் கேட்கத் தொடங்கினால் அவளைக் கெட்டுப்போனவள் என்று சொல்லாதீர்கள். அவள் கணக்குக் கேட்கிறாள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். பெற்றோருக்கு: தடுப்பதற்கு முன் மகளோடு உட்கார்ந்து ஒரே ஒரு தொடரை முழுதாகப் பாருங்கள்; 16 மணி நேரம்தான். பிடிக்காவிட்டால் அவளிடமே வாதாடுங்கள், அவள் பதில் வைத்திருப்பாள். பள்ளிக்கூடங்களுக்கு: பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பையன்களிடமும் கேளுங்கள். தமிழ்த் தொலைக்காட்சி எடுப்பவர்களுக்கு: உங்கள் பார்வையாளர்கள் கொரியாவுக்குப் போனதற்குக் கொரியாவைத் திட்டாதீர்கள். பஞ்சாலைக்கு அனுப்பப்பட்ட பெண், பெங்களூர்ச் சாரத்தில் நிற்கும் புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண், குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பித்துக் கல்லூரிக்குப் போன பெண் என்று தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் மட்டும் நூறு கதைகள் கிடக்கின்றன. ஒரு பெண் எழுத்தாளரை அமர்த்தி, தொடக்கமும் முடிவும் உள்ள 16 மணி நேரத்தில் அதில் ஒன்றைச் சொல்லுங்கள். முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் நீங்கள் இன்று கெட்டுப்போனவர்கள் என்று சொல்லும் இதே பெண்கள்தான்.